தலைக்கு இவ்வளவு என்று பிரிக்கும் முன்

கீழ்பென்னாத்தூரிலிருந்து கூட்டமாகக் கிளம்பிப் போய் ஓட்டலில் சாப்பிடும் நண்பர் குழுக்களுக்கு ஒரு திறந்த மடல்



பௌர்ணமிக்குப் பௌர்ணமி கீழ்பென்னாத்தூரிலிருந்தும் சுற்றுப்பட்டுக் கிராமங்களிலிருந்தும் வேன் பிடித்துத் திருவண்ணாமலைக்குப் போகிற குழுக்களுக்கு இந்த மடல். அமாவாசைக்கு மேல்மலையனூர் போகிறவர்களுக்கும், லீவு கிடைத்தால் செஞ்சி, திண்டிவனம் வழியாகப் புதுச்சேரிக்குக் கிளம்பிவிடுகிறவர்களுக்கும் இது பொருந்தும். பள்ளிக்கூடத்தில் ஒன்றாகப் படித்தவர்கள், கிரிக்கெட் டீம், ஒரே தெருப் பிள்ளைகள், மகளிர் குழுத் தோழிகள் என்று கூட்டம் எதுவானாலும், 14 கிலோமீட்டர் மலை சுற்றி முடித்த கால்கள் போய் நிற்கும் இடம் ஓட்டல்தான். சாப்பிட்டு முடித்ததும் சோம்புத் தட்டோடு பில் வரும். ஒருவர் அதை எடுத்துப் பார்ப்பார். மொத்தத் தொகையை ஆட்களின் எண்ணிக்கையால் வகுப்பார். “தலைக்கு இவ்வளவு” என்பார். எல்லாரும் தலையாட்டுவார்கள்.

அந்தத் தலையாட்டலில் மனசார ஆட்டாத தலை ஒன்றாவது இருக்கும். அந்த ஒருவருக்காகவும், நள்ளிரவு தாண்டியும் அதே மேசையைத் துடைத்துவிட்டு அடுத்த கூட்டத்தை உட்கார வைக்கும் சர்வருக்காகவும் சில விஷயங்களைப் பேச வேண்டியிருக்கிறது.

ஒரு பில்லை எடுத்துக்கொள்வோம். ஆறு பேர் சாப்பிட்டார்கள். முதலாமவர் இரண்டு இட்லி, ஒரு வடை: 60 ரூபாய். இரண்டாமவர் பொங்கல், காபி: 100 ரூபாய். மூன்றாமவர் நெய் ரோஸ்ட், காபி: 140 ரூபாய். மற்ற மூன்று பேரும் சேர்ந்து ஆறு நான் ரொட்டி, இரண்டு பன்னீர் பட்டர் மசாலா, ஆளுக்கொரு ஃபலூடா: மூவருக்கும் சேர்த்து 1,020 ரூபாய், அதாவது ஆளுக்கு 340. மொத்தம் 1,320. அதன் மேல் 5 சதவீதம் ஜி.எஸ்.டி. 66 ரூபாய். கட்ட வேண்டியது 1,386.

ஆறால் வகுத்தால் தலைக்கு 231. இட்லி சாப்பிட்டவர் தன் 60 ரூபாய்ச் சாப்பாட்டுக்கு வரியோடு தர வேண்டியது 63 ரூபாய்தான்; தருவதோ 231. பொங்கல்காரருக்கு 126 ரூபாய் கூடுதல், ரோஸ்ட்காரருக்கு 84 ரூபாய் கூடுதல். நான் ரொட்டி சாப்பிட்ட மூவருக்கும் ஆளுக்கு 126 ரூபாய் மிச்சம். குறைவாகச் சாப்பிட்ட மூவரின் பையிலிருந்து 378 ரூபாய் கிளம்பி, அதிகமாகச் சாப்பிட்ட மூவரின் பைக்குப் போயிருக்கிறது. யாரும் யாரையும் ஏமாற்ற நினைக்கவில்லை. ஒரு வகுத்தல் கணக்கு அதைச் செய்துவிட்டது.

378 ரூபாய் பெரிய தொகையா என்று கேட்கலாம். அது யார் பையிலிருந்து போகிறது என்பதைப் பொறுத்தது. கீழ்பென்னாத்தூர் பேரூராட்சி, ஒரு வட்டத்தின் தலைநகரம். ஆனாலும் சுற்றிலும் நெல்லும் கரும்பும் மல்லாட்டையும் விளைகிற ஊர். இங்கே பத்தாம் வகுப்பில் ஒரே பெஞ்சில் உட்கார்ந்தவர்களில் ஒருவர் இன்றைக்குச் சென்னையில் கணினி நிறுவனத்தில் இருப்பார், ஒருவர் செய்யாறு சிப்காட்டுக்கு ஷிஃப்ட் வேலைக்குப் போவார், இன்னொருவர் அப்பாவின் நிலத்தைப் பார்த்துக்கொண்டு, வேலை இல்லாத நாளில் கூலிக்குப் போவார். நூறு நாள் வேலைத் திட்டத்தில் 2025-26ஆம் ஆண்டுக்குத் தமிழ்நாட்டுக்கு நிர்ணயித்த நாள் கூலி 336 ரூபாய். தலைக்கு 231 என்பது அதில் மூன்றில் இரண்டு பங்குக்கும் மேல். சென்னைக்காரருக்கு அது ஒரு காபிக் கடைச் செலவு. ஆனால் கணக்கு கேட்க வாய் திறக்க முடியாதவர் கூலிக்குப் போகிறவர்தான். கேட்டால் “என்னடா, இதுக்குப் போய் கணக்கு பாக்குற” என்ற பேச்சு வரும். அடுத்த பௌர்ணமிக்கு அவருக்கு உடம்பு சரியில்லாமல் போகும், அல்லது வீட்டில் வேலை இருக்கும். கூட்டத்திலிருந்து ஒருவர் மெல்ல விலகிப்போவதற்கு இப்படியும் ஒரு காரணம் உண்டு. கூட இருந்தவர்களுக்கு அது கடைசி வரை தெரியாமலே போகும்.

சமமாகப் பிரிப்பதில் இன்னொரு கோளாறும் உண்டு. அதை ஆராய்ந்தே பார்த்திருக்கிறார்கள். உரி க்னீசி உள்ளிட்ட மூன்று பொருளியல் ஆய்வாளர்கள் இஸ்ரேலில் ஒரு உணவகத்தில் ஆறாறு பேராக ஆட்களை உட்கார வைத்துச் சோதனை நடத்தினார்கள். அவர்களின் கட்டுரை 2004இல் பிரிட்டனின் ‘எகனாமிக் ஜர்னல்’ ஆய்விதழில் வந்தது. அவரவர் சாப்பிட்டதற்கு அவரவர் பணம் என்று சொல்லப்பட்ட குழுக்களில் ஓர் ஆள் சராசரியாக 37 ஷெக்கலுக்கு (இஸ்ரேல் நாணயம்) சாப்பிட்டார். பில்லைச் சமமாகப் பிரிப்போம் என்று சொல்லப்பட்ட குழுக்களில் அது 51 ஷெக்கலுக்குப் போனது. முழுச் செலவும் ஆய்வாளர்களுடையது என்றபோது 82. சமபங்கு என்றதும் கை தாராளமாகிவிடுகிறது: இன்னொரு ஃபலூடா சொன்னால் அதில் ஆறில் ஒரு பங்குதானே நம்முடையது என்ற எண்ணம் வந்துவிடுகிறது. எல்லாரும் அப்படி நினைத்தால் எல்லார் செலவும் ஏறும். அதே ஆய்வில், எப்படிப் பணம் கட்ட விருப்பம் என்று முன்னதாகக் கேட்டபோது ஐந்தில் நான்கு பேர் அவரவருக்குத் தனிக் கணக்கு என்பதைத்தான் சொன்னார்கள். மனசுக்குள் பெரும்பாலோர் விரும்புவது தனிக் கணக்கு. மேசையில் நடப்பது சமபங்கு. நடுவில் நிற்பது கூச்சம் மட்டும்தான்.

அந்தக் கூச்சத்துக்கு நம் ஊரில் இடமே இல்லை என்பதுதான் இந்த மடலின் வாதம். வட ஆற்காட்டுப் பக்கம் ஒரு கல்யாணமோ காதுகுத்தோ நடந்தால் பந்தலில் இரண்டு பேர் நோட்டும் பேனாவுமாக உட்காருவார்கள். பெயர், ஊர், தொகை. 101 ரூபாய் வைத்தாலும் எழுதுவார்கள், பாத்திரம் வைத்தாலும் எழுதுவார்கள். இருபது வருடம் கழித்து அந்த நோட்டைப் புரட்டித் திருப்பிச் செய்வார்கள். அதை யாரும் அற்பம் என்று சொல்வதில்லை. எழுதாமல் விட்டால்தான் சண்டை வரும். மகளிர் சுயஉதவிக் குழுக்களும் அப்படித்தான். வாராவாரம் யார் எவ்வளவு சேமிப்பு கட்டினார், யார் கடன் தவணை பாக்கி என்பது கூட்டத்தில் எல்லார் முன்னிலையிலும் வாசிக்கப்படுகிறது. அந்தக் குழுக்கள் இத்தனை வருடம் உடையாமல் இருப்பதற்கு அந்த நோட்டு ஒரு முக்கியமான காரணம். ஆற்றில் போட்டாலும் அளந்து போடு என்று பழக்கிய பெரியவர்களின் பிள்ளைகள், ஓட்டல் மேசையில் மட்டும் அளக்கக் கூச்சப்பட வேண்டியதில்லை.

எல்லாவற்றையும் சாப்பிட்டபடிதான் பிரிக்க வேண்டும் என்று யாரும் சொல்லவில்லை. வேன் வாடகை தலைக்கு இவ்வளவு என்பதுதான் சரி. ஒல்லியானவரும் ஒரு சீட், குண்டானவரும் ஒரு சீட். டீக்கடையில் இன்றைக்கு நீ, நாளைக்கு நான் என்று சுற்றில் விடுவது நல்ல வழக்கம். நாலு டீயில் யாருக்கும் நஷ்டமில்லை. ஒருவர் ட்ரீட் கொடுப்பதும் அழகுதான். ஆனால் “இன்னைக்கு என் செலவு” என்பதை ஆர்டர் சொல்வதற்கு முன்னால் சொல்லிவிட வேண்டும். பில் வந்த பிறகு சொன்னால், இட்லியோடு நிறுத்திக்கொண்டவர் பசியோடு நிறுத்தியிருக்கக்கூடும்.

புதுச்சேரிப் பயணங்களில் இது இன்னும் கூர்மையாகிறது. மது ஜி.எஸ்.டி.க்குள் வராது, அதற்கு வாட் வரி தனி. அதனால் பில்லிலேயே சாப்பாட்டுக் கணக்கும் மதுக் கணக்கும் வேறு வேறு வரியோடு பிரிந்து நிற்கும். பில்லே பிரித்துக் கொடுத்த பிறகும், குடிக்காதவர் தலையில் அந்தத் தொகையில் ஒரு பங்கைக் கட்டுவதற்கு எந்த நியாயமும் கிடையாது.

இனி பில்லையே கொஞ்சம் கிட்டத்தில் பார்க்கலாம், ஏனென்றால் பிரிப்பதற்கு முன் அது சரியான பில்தானா என்று பார்க்க வேண்டியிருக்கிறது.

ஓட்டல் சாப்பாட்டுக்கான ஜி.எஸ்.டி. 2017 நவம்பர் 15 முதல் 5 சதவீதம். அதற்கு முன் சில மாதங்கள் ஏ.சி. இல்லாத ஓட்டலுக்கு 12, ஏ.சி. ஓட்டலுக்கு 18 என்று இருந்தது, அதனால்தான் ஏ.சி. அறைக்கு வரி அதிகம் என்ற நினைப்பு இன்னும் பலருக்கு இருக்கிறது. இப்போது இரண்டுக்கும் ஒன்றுதான். ஒரு நாள் வாடகை 7,500 ரூபாய்க்கு மேல் போகும் அறைகள் உள்ள பெரிய விடுதிகளின் உணவகங்களில்தான் 18 சதவீதம். பில்லில் இந்த 5 சதவீதம் இரண்டு வரியாக வரும்: மத்திய அரசுக்கு 2.5, மாநில அரசுக்கு 2.5. மேலே கடையின் ஜி.எஸ்.டி. எண் இருக்கும், பதினைந்து இலக்கம். தமிழ்நாட்டுக் கடை என்றால் அது 33 என்று தொடங்கும். அந்த எண்ணே இல்லாமல் வரி மட்டும் போட்டிருந்தால் கல்லாவில் கேளுங்கள்.

சிறிய மெஸ், பரோட்டாக் கடை, டிபன் சென்டர் பலவற்றில் வரியே இருக்காது, இருக்கவும் கூடாது. வருடத்துக்கு 20 லட்சம் ரூபாய்க்குள் விற்பனை உள்ள கடை பதிவு செய்யத் தேவையில்லை. அதற்கு மேல் ஒன்றரைக் கோடி வரை விற்பனை உள்ள ஓட்டல்கள் காம்போசிஷன் திட்டத்தில் சேரலாம். அதில் சேர்ந்த கடைக்காரர் தன் விற்பனையில் 5 சதவீதத்தைத் தானே கட்ட வேண்டும். சாப்பிட வந்தவரிடம் தனியாக வரி வசூலிக்க முடியாது. அந்தத் திட்டத்தில் இருப்பதைக் கடையிலும் பில்லிலும் எழுதி வைக்க வேண்டும் என்பதும் விதி. எழுதியும் வைத்துவிட்டு வரியும் போட்டிருந்தால் அது தவறான பில்.

பில் கணக்கு எவ்வளவு குழப்பம் தரும் என்பதை 2024 செப்டம்பர் 11 அன்று கோயம்புத்தூரில் தமிழ்நாடே பார்த்தது. ஸ்ரீ அன்னபூர்ணா ஓட்டல்களின் தலைவர் சீனிவாசன், மத்திய நிதியமைச்சர் நிர்மலா சீதாராமன் கலந்துகொண்ட தொழில்முனைவோர் கூட்டத்தில், வெறும் பன்னுக்கு வரி இல்லை, அதில் கிரீம் தடவினால் 18 சதவீதம் வரி, இதனால் வாடிக்கையாளர்கள் பன்னையும் கிரீமையும் தனித்தனியாகக் கேட்கிறார்கள் என்று எடுத்துச் சொன்னார். அந்தப் பேச்சு நாட்கணக்கில் பேசப்பட்டது. அடுத்த வருடம், 2025 செப்டம்பர் 22இல் ஜி.எஸ்.டி. விகிதங்கள் மாறியபோது கேக், பேஸ்ட்ரி, பிஸ்கட் போன்றவை 18இலிருந்து 5 சதவீதத்துக்கு வந்தன. மிக்சர், முறுக்கு வகைகள் 12இலிருந்து 5க்கு வந்தன. முப்பது வருடம் கல்லாவில் உட்கார்ந்தவர்களே தடுமாறிய கணக்கு இது. சாப்பிட வந்தவர் ஒரு நிமிடம் பில்லைப் படித்தால் அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

தண்ணீர் பாட்டில் பற்றி ஒரு வார்த்தை. உட்கார்ந்து சாப்பிடும் ஓட்டலில் பாட்டிலை எம்.ஆர்.பி.க்கு மேல் விற்கலாம் என்று உச்ச நீதிமன்றம் 2017 டிசம்பரில் தீர்ப்பளித்திருக்கிறது. ஆகவே அதற்குச் சண்டை போட்டுப் பயனில்லை. பாட்டில் வேண்டாம், சாதாரணத் தண்ணீர் போதும் என்று உட்கார்ந்ததுமே சொல்லிவிடுவதுதான் வழி.

அடுத்தது சர்வீஸ் சார்ஜ். கீழ்பென்னாத்தூரில் எந்த ஓட்டல் மேசையிலும் இதைப் பார்த்திருக்க மாட்டீர்கள். சென்னை மால்களிலும் கிழக்குக் கடற்கரைச் சாலையிலும் புதுச்சேரியிலும் நட்சத்திர விடுதிகளிலும் இது தலைகாட்டும். 5 அல்லது 10 சதவீதம், வரி மாதிரியே ஒரு வரியில் அச்சாகியிருக்கும். இது அரசுக்குப் போகிற வரி இல்லை. கட்டாயமும் இல்லை.

மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2022 ஜூலை 4 அன்று வெளியிட்ட வழிகாட்டுதல்களில் இதைத் தெளிவாகச் சொல்லிவிட்டது. எந்த ஓட்டலும் உணவகமும் சர்வீஸ் சார்ஜைத் தானாகவே பில்லில் சேர்க்கக் கூடாது. வேறு பெயர் சூட்டியும் வசூலிக்கக் கூடாது. தர மாட்டேன் என்பவரை உள்ளே விடாமல் தடுக்கக் கூடாது. சாப்பாட்டுத் தொகையோடு சேர்த்து அதன் மேலும் ஜி.எஸ்.டி. போடக் கூடாது. இந்திய தேசிய உணவகங்கள் சங்கமும், ஓட்டல் உணவகச் சங்கங்களின் கூட்டமைப்பும் இதை எதிர்த்து டெல்லி உயர் நீதிமன்றத்துக்குப் போயின. அதே மாதத்தில் இடைக்காலத் தடையும் வாங்கின. வழக்கு மூன்று வருடத்துக்குச் சற்றுக் குறைவாக ஓடியது. 2025 மார்ச் 28 அன்று நீதிபதி பிரதிபா எம். சிங் ஆணையத்தின் வழிகாட்டுதல்கள் செல்லும் என்று தீர்ப்பளித்தார். வழக்கு தொடுத்த இரண்டு அமைப்புகளும் தலா ஒரு லட்சம் ரூபாய் கட்ட வேண்டும் என்றும் உத்தரவிட்டார். சங்கங்கள் மேல்முறையீட்டுக்குப் போயின.

இது எவ்வளவு தொகை என்று முன்பு பார்த்த பில்லிலேயே போட்டுப் பார்க்கலாம். 1,320 ரூபாய்க்கு 10 சதவீத சர்வீஸ் சார்ஜ் 132. இரண்டையும் கூட்டினால் 1,452. அதன் மேல் 5 சதவீத வரி 72 ரூபாய் 60 காசு. மொத்தம் 1,524 ரூபாய் 60 காசு. 1,386 கட்ட வேண்டிய இடத்தில் 138 ரூபாய் 60 காசு கூடுதல். அந்தப் பணம் பரிமாறியவர் கைக்குத்தான் போகும் என்பதற்குப் பில்லில் எந்த உத்தரவாதமும் இல்லை. பில்லில் சர்வீஸ் சார்ஜைப் பார்த்தால் எடுக்கச் சொல்லுங்கள். எடுக்க மறுத்தால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915க்கு அழைத்துப் புகார் செய்யலாம். கத்த வேண்டியதில்லை, சர்வரிடம் கத்தவே கூடாது, அதைப் பில்லில் அச்சடித்தவர் அவர் இல்லை.

இப்போது டிப்ஸ்.

கட்டாய சர்வீஸ் சார்ஜை மறுக்கிற கையால் தாராளமாக டிப்ஸ் கொடுக்க வேண்டும் என்பது இந்த மடலின் இரண்டாவது கோரிக்கை. இரண்டும் முரண் இல்லை. ஒன்று கடைக்காரர் எடுத்துக்கொள்வது. மற்றது சாப்பிட்டவர் கொடுப்பது.

எவ்வளவு என்பதில் வெளிநாட்டு வழக்கத்தை அப்படியே இறக்கத் தேவையில்லை. அமெரிக்காவில் 15, 20 சதவீதம் கொடுக்கிறார்கள் என்றால் அதற்கு ஒரு காரணம் இருக்கிறது. அங்கே டிப்ஸ் வாங்கும் தொழிலாளிக்கு முதலாளி தர வேண்டிய குறைந்தபட்சக் கூலி, மத்திய சட்டப்படி, மணிக்கு 2.13 டாலர், 1991க்குப் பிறகு அது ஏறவே இல்லை. மற்றவர்களுக்கு 7.25 டாலர். பாக்கியை டிப்ஸ்தான் நிரப்ப வேண்டும். அதாவது சம்பளத்தில் ஒரு பகுதியைச் சாப்பிட வந்தவர் கட்டுகிறார். ஜப்பானில் டிப்ஸ் கொடுக்கும் வழக்கமே இல்லை. சிங்கப்பூரில் உட்கார்ந்து சாப்பிடும் பல உணவகங்களில் 10 சதவீத சர்வீஸ் சார்ஜும் 9 சதவீத ஜி.எஸ்.டி.யும் பில்லிலேயே ஏறிவிடும். அங்கிருந்து லீவுக்கு வரும் நம் ஊர்ப் பிள்ளைகளுக்குத் தனியாக டிப்ஸ் கொடுக்கும் பழக்கம் இருக்காது. பிரிட்டனில் 2024 அக்டோபர் 1 முதல் நடைமுறைக்கு வந்த சட்டம், டிப்ஸும் சர்வீஸ் சார்ஜும் முழுக்கத் தொழிலாளர்களுக்கே போக வேண்டும், முதலாளி ஒரு காசு பிடிக்கக் கூடாது என்கிறது. இந்தச் சட்டம் இங்கேயும் வர வேண்டும். இந்தியாவில் டிப்ஸ் என்பது சாப்பிட்டவருக்கும் பரிமாறியவருக்கும் இடையில் உள்ளது, முதலாளி தருகிற சம்பளம் ஆகாது என்பதை ஐ.டி.சி. நிறுவனத்தின் வருமான வரி வழக்கில் 2016இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. ஆகவே டிப்ஸ் வருகிறதே என்று சம்பளத்தில் கை வைக்க எந்த ஓட்டல் முதலாளிக்கும் உரிமை இல்லை.

நம் ஊர் வழக்கம் சிறியது. டீக்கடையில் யாரும் கொடுப்பதில்லை. மெஸ்ஸில் பத்து ரூபாய். கொஞ்சம் பெரிய ஓட்டலில் குடும்பமாகப் போனால் இருபது, முப்பது. இரண்டு பேர் சாப்பிட்டால் அது போதும். ஆறு பேர், பத்து பேர் என்று ஒரு கூட்டமே உட்கார்ந்து, மேசை மேசையாக இழுத்துப் போட்டு, ஆளுக்கொரு நேரத்தில் ஆளுக்கொன்று சொல்லி, சட்னி, சாம்பார் என்று பத்து தடவை நடக்க வைத்துவிட்டு, சோம்புத் தட்டில் ஒரு பத்து ரூபாய்த் தாளை வைத்துவிட்டுப் போவது சரியில்லை. பௌர்ணமி ராத்திரியில் திருவண்ணாமலை சர்வருக்கு உட்கார நேரம் இருக்காது. அவர்களில் நிறையப் பேர் ஊரை விட்டு, சிலர் மாநிலத்தை விட்டு வந்து, ஓட்டல் மாடியிலேயே தங்கியிருப்பவர்கள். கூட்டமாகப் போகிறவர்கள் சாப்பாட்டுத் தொகையில் 10 சதவீதம் வைப்பது நியாயமான அளவு. முடியாத நாளில் 5 சதவீதம். பரிமாறல் உண்மையிலேயே மோசமாக இருந்தால் ஒன்றும் வைக்காமலும் வரலாம். விருப்பம் என்பதற்குப் பொருள் அதுதான்.

10 சதவீதத்துக்குக் கால்குலேட்டர் தேவையில்லை. வரி சேர்க்காத தொகையில் கடைசி இலக்கத்தை விட்டுவிட்டால் வந்துவிடும்: 1,320க்கு 132. பில் நீளமாக இருந்தால் இன்னொரு குறுக்கு வழியும் உண்டு. நியூயார்க் நகரத்தில் உணவக வரி 8.875 சதவீதம், அங்கே உள்ளவர்கள் பில்லில் உள்ள வரியை இரண்டால் பெருக்கி டிப்ஸ் வைத்துவிடுவார்கள். நம் பில்லிலும் அது பலிக்கும். இரண்டு வரித் தொகைகளையும் கூட்டி இரட்டிப்பாக்கினால் சரியாக 10 சதவீதம்: 33, 33, கூட்டினால் 66, இரட்டித்தால் 132. டிப்ஸை வரி சேர்ந்த மொத்தத்தின் மேல் போட வேண்டியதில்லை. அரசுக்குப் போகிற பணத்துக்குப் பரிமாறல் எதுவும் நடக்கவில்லை.

இதில் இன்னொரு வசதியும் இருக்கிறது. வரி 5, டிப்ஸ் 10, சேர்த்து 15 சதவீதம். ஆகவே ஒவ்வொருவரும் தான் சாப்பிட்டதோடு அதில் பத்தில் ஒரு பங்கையும் அந்தப் பத்தில் ஒன்றில் பாதியையும் சேர்த்துக்கொண்டால் தன் பங்கு முடிந்தது. 60க்கு 6, 3, மொத்தம் 69. பொங்கலுக்கு 115. ரோஸ்ட்டுக்கு 161. நான் ரொட்டி சாப்பிட்டவர்களுக்கு ஆளுக்கு 391. கூட்டினால் 1,518, கடைக்கு 1,386, சர்வருக்கு 132, கச்சிதம். டிப்ஸைத் தலைக்குச் சமமாக, ஆளுக்கு 22 என்று பிரிக்கலாம் என்ற கருத்தும் உண்டு, ஆறு பேருக்கும் அவர் ஒரே மாதிரிதானே நடந்தார் என்பதால். அது தவறில்லை. ஆனால் 60 ரூபாய்க்குச் சாப்பிட்டவரிடம் 22 கேட்பதை விட 6 கேட்பது நல்லது.

கொடுக்கும் முறையும் முக்கியம். கல்லாவில் ஒட்டியிருக்கும் கியூ.ஆர். அட்டையை ஸ்கேன் செய்து 1,386க்குப் பதில் 1,518 அனுப்பினால் அந்த 132 ரூபாய் கடையின் வங்கிக் கணக்கில் விழும். அங்கிருந்து சர்வருக்குப் போகுமா என்பது கடைக்காரரின் மனசு. ஆகவே டிப்ஸை ரொக்கமாக, பரிமாறியவர் கையில் கொடுங்கள். தட்டில் விட்டுவிட்டுப் போனால் வேறு யாராவது எடுத்துவிட வாய்ப்புண்டு. சில ஓட்டல்களில் கல்லா பக்கத்தில் டிப்ஸ் பெட்டி வைத்திருப்பார்கள். வாரக் கடைசியில் தோசை மாஸ்டர், பாத்திரம் கழுவுகிறவர், மேசை துடைக்கிறவர் எல்லாரும் பங்கிட்டுக்கொள்வார்கள். அப்படிப் பெட்டி இருக்கும் கடையில் பெட்டியில் போடுவதுதான் மேல். நெய் ரோஸ்ட் முறுகலாக வந்ததற்குக் காரணமானவர் உள்ளே அடுப்படியில் நிற்கிறார். மேசைக்கு வராததால் அவர் கைக்கு எதுவும் வருவதில்லை.

கடைசியாக, ஒருவர் கட்டிவிட்டு மற்றவர்களிடம் வாங்குகிற கதை. பெரும்பாலான நட்புகளில் விரிசல் விழுவது இந்த இடத்தில்தான். “அப்புறம் ஜிபே பண்றேன்டா” என்பார்கள். அந்த அப்புறம் வரவே வராது. கட்டியவர் கேட்கவும் மாட்டார். முன்பெல்லாம் யு.பி.ஐ. செயலியிலேயே நண்பருக்கு இவ்வளவு தர வேண்டும் என்று கோரிக்கை அனுப்பலாம்; அவர் பின் எண்ணைப் போட்டால் பணம் வந்துவிடும். அந்த வசதியை வைத்து மோசடிகள் பெருகியதால், தனிநபருக்குத் தனிநபர் பணம் கேட்கும் கோரிக்கையை 2025 அக்டோபர் 1 முதல் தேசியக் கொடுப்பனவுக் கழகம் நிறுத்திவிட்டது. இனி தர வேண்டியவர்தான் தானாக அனுப்ப வேண்டும். ஆகவே மேசையை விட்டு எழுவதற்கு முன் அனுப்பிவிடுவது ஒன்றே வழி. சிக்னல் இல்லை, பேலன்ஸ் இல்லை என்றால், குழுவின் வாட்ஸ்அப்பில் தொகையை எழுதிப் போட்டுவிடுங்கள்.

ஒரே பயணத்தில் பல பேர் பல செலவைச் செய்திருந்தால் கடைசியில் சேர்த்துக் கழித்துக்கொள்ளலாம். வேன் வாடகை 1,800 ரூபாயை ரோஸ்ட்காரர் கட்டினார், சாப்பாடும் டிப்ஸும் 1,518 ரூபாயை நான் ரொட்டி சாப்பிட்டவர்களில் ஒருவர் கட்டினார் என்று வைத்துக்கொள்வோம். தனித்தனியாக அனுப்பினால் பத்து தடவை பணம் கை மாற வேண்டும். சேர்த்துப் பார்த்தால், வேனுக்குத் தலைக்கு 300 சேர்ந்து, இட்லிக்காரர் தர வேண்டியது 369, பொங்கல்காரர் 415, நான் ரொட்டி சாப்பிட்ட மற்ற இருவர் ஆளுக்கு 691. வர வேண்டியது வேன் கட்டியவருக்கு 1,339, சாப்பாடு கட்டியவருக்கு 827. ஐந்து தடவை அனுப்பினால் எல்லாம் நேராகிவிடும். ஆட்கள் எத்தனை பேரானாலும், அந்த எண்ணிக்கையில் ஒன்று குறைவான பரிமாற்றங்களுக்குள் முடித்துவிட முடியும். 2011இல் அமெரிக்காவில் தொடங்கிய ஸ்பிளிட்வைஸ் என்ற செயலி செய்வது இந்தக் கழித்தலைத்தான். ஒரு பேப்பரும் பேனாவும் அதே வேலையைச் செய்யும்.

அதனால் ஒரு வேண்டுகோள். அடுத்த பயணத்துக்கு வேன் பேசும்போதே கணக்கு எழுதப்போகிறவர் யார் என்பதையும் பேசி முடித்துவிடுங்கள். உங்களில் நன்றாகச் சம்பாதிக்கிறவரே அதை முதலில் எடுத்துப் பேசட்டும். குறைவாகச் சம்பாதிக்கிறவர் வாயிலிருந்து அது வர வேண்டியதில்லை. ஆர்டர் சொல்லும்போது யார் என்ன சொன்னார் என்று போனில் குறித்துக்கொள்ளுங்கள். கிளம்பும்போது சர்வருக்குக் கொடுக்க ஐம்பது, நூறு ரூபாய்த் தாள்களைக் கையோடு எடுத்துச் செல்லுங்கள்.